சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவன்

கவிதா, பிரபு இருவருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது பிரபு போனைப் பார்த்துக்கொண்டே, நாட்டிலேயே சிறந்த ஜப்பானிய ரெஸ்டாரண்டுகள் என்று யாரோ எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினான். அதில் நான் வேலை செய்த கடையும் இருந்தது. உடனே கவிதா, "சூரஜ் அண்ணன் ஒரு தாத்தாவுக்குத் தப்பா எதையோ குடுத்துட்டு ஊரை விட்டே ஓடிட்டாரே, அந்தக் கடைதானப்பா" என்றாள். நான் பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டேன். நீங்கள் இருவரும் பயந்துபோனதாக அம்மா சொன்னாள்.

கவிதா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் சொன்னது நம் தெருவில் எல்லோரும் சொன்னதுதான். அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் நான் வாயைத் திறந்து மறுக்காததால் அதுவே உண்மையாகிப் போயிற்று. வேலையிலிருந்து ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்கிறேன், இப்போதாவது எழுதிவிடுகிறேன். நான் படித்தது எட்டாவது வரைதான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

சமையல் வேலைக்கு நான் வந்த கதை உங்களுக்குத் தெரியும். பஞ்சாலை கேன்டீனில் இட்லித் தட்டு கழுவினேன், பிறகு கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் பிரெஞ்சுச் சமையல் செய்யும் கிழவருக்கு எடுபிடியாக இருந்தேன். மீன் சுத்தம் செய்வதில் என் கை வேகம் என்று பெயர் வந்தது. இரண்டாயிரத்துச் சொச்சத்தில், பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, மஞ்சள் சுண்ணாம்பு அடித்த பழைய பங்களா ஒன்றை நம்மூர்ப் பணக்காரர் ஒருவர் எடுத்து ஜப்பானிய ரெஸ்டாரண்ட் திறந்தார். அவர் பெயரையும் கடைப் பெயரையும் எழுத மாட்டேன். முதலாளி என்றே சொல்கிறேன். மீன் வெட்ட ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அப்போது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது.

அங்கே தலைமைச் சமையல்காரராக ஜப்பானிலிருந்து வந்தவர் தனிகுச்சி. என்னைவிடச் சின்னவர். ஒல்லியான ஆள், அதனால் கிச்சனில் எல்லோரும் அவரைக் குச்சி சார் என்போம். அது அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அவர் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. நாம் தப்புச் செய்தால், நம் கையிலிருந்து கத்தியை மெதுவாக வாங்குவார், ஈரத் துணியால் துடைப்பார், கூர் தன் பக்கம் இருக்கும்படி பலகையில் வைப்பார், தோட்டத்துக்குப் போய் நின்றுகொள்வார். அவர் திரும்பி வருவதற்குள் என்ன தப்பு என்று நாமே கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் அன்று முழுக்க வெங்காயத்தாள்தான் நறுக்க வேண்டும். எனக்கு அவரோடு பேச ஆங்கிலம் போதாது, அவருக்கும் போதாது. அவர் பத்துத் தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டார், நான் பத்து ஜப்பான் வார்த்தை. வேலைக்கு அது போதுமாக இருந்தது.

தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு அவரோடு காலையில் போவேன். செத்து விறைத்த மீனை அவர் தொடவே மாட்டார். படகுக்காரரிடம் ஒரு சின்ன இரும்புக் குச்சியைக் கொடுத்து, பாறை மீனோ கொடுவா மீனோ பிடித்த உடனே மண்டையில் எங்கே குத்த வேண்டும், செவுளில் எங்கே அறுத்து ரத்தத்தைக் கடல் தண்ணீரில் விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். துடித்துச் சாகிற மீனின் சதை புளித்துப் போகும் என்பார். படகுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். மீன் வைத்தியம் பார்க்க டாக்டர் வந்திருக்கிறார் என்று கேலி செய்தார்கள். அப்படிக் குத்திய மீனையும் குத்தாத மீனையும் மறுநாள் பக்கத்தில் வைத்து வெட்டிக் காட்டிய பிறகு கேலி நின்றது.

சுஷி என்பது பார்க்கச் சுலபமாகத் தெரியும். வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்த சோறு ஒரு கவளம், மேலே ஒரு துண்டு மீன். சோறு உள்ளங்கைச் சூட்டில் இருக்க வேண்டும். மீன் அதைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். கையில் பிடிக்கும்போது சோற்றின் நடுவில் காற்று இருக்க வேண்டும், ஆனால் எடுத்தால் உதிரக் கூடாது, வாய்க்குள் போய்த்தான் உதிர வேண்டும். இதற்கே எனக்கு ஒரு வருடம் ஆனது.

ஆனால் அவர் எதைவிடவும் பெரிதாக நினைத்தது வேறு. கவுன்ட்டர் என்று ஒரு நீள மரப் பலகை இருக்கும். அந்தப் பக்கம் சாப்பிடுகிறவர், இந்தப் பக்கம் வெட்டுகிறவன். நடுவில் எதுவும் கிடையாது. வெட்டியவன்தான் தன் கையால் எடுத்து அவர் முன்னால் வைக்க வேண்டும். வேறு யார் மூலமும் போகக் கூடாது. வைத்த பிறகு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மெல்லும்போது ஒரு கணம் நின்றால் கூட ஏன் நின்றது என்று தெரிய வேண்டும். வயதானவர் வந்தால் கேட்காமலே சோற்றைச் சின்னதாகப் பிடிக்க வேண்டும். இடது கைக்காரர் என்றால் துண்டைத் திருப்பி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், கத்தியைத் தொடுவதற்கு முன்னால், வெட்டுகிறவன் தன் வாயால் ஒன்று கேட்க வேண்டும்: உங்களுக்கு ஆகாதது ஏதாவது உண்டா? அந்தக் கேள்விக்காகவே அவர் 'ஆகாதது' என்ற தமிழ் வார்த்தையைக் கற்றுக்கொண்டார். நம்மூர்க்காரர் யாராவது உட்கார்ந்தால் தலையைக் குனிந்து, "ஆகாதது?" என்று மட்டும் கேட்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள், ஆனால் பதில் சொல்வார்கள்.

அவர் இருந்த கடைசி வருடம் என்னையும் கவுன்ட்டரில் நிறுத்தினார். அவர் வலது பக்கம், நான் இடது பக்கம். நம்மூர் வக்கீல் ஒருவர் என் முன்னால் உட்கார்ந்து, "நீ முதலியார்பேட்டையா, நானும் அங்கதான்பா" என்று சொல்லி, நான் வைத்த கொடுவாத் துண்டை வாயில் போட்டுவிட்டுப் பேச்சை நிறுத்தினார். அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த எந்தப் பாராட்டும் அந்தப் பேச்சு நின்றதற்கு ஈடாகாது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "மீன் துண்டு குடுத்ததுக்கா இவ்ளோ சந்தோஷம்" என்று அவள் சிரித்தாள்.

தனிகுச்சி ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தது, அவர் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. போகிற அன்று முதலாளியையும் என்னையும் பக்கத்தில் நிறுத்திக் கவுன்ட்டரைத் தட்டிக் காட்டி, என்னைக் காட்டினார். முதலாளி தலையை ஆட்டினார்.

அவர் விமானம் ஏறிய வாரமே தச்சர்கள் வந்தார்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் மூங்கில் பட்டை அடித்து ஒரு சுவர் எழுப்பினார்கள். அதில் பலகை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து, அதற்கு ஒரு திரை. எதற்கு என்று நான் முதலாளியிடம் கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

"ஏழுமலை, வர்றவங்க ஜப்பானைப் பாக்கத்தான் வர்றாங்க. உன் கை எனக்கு வேணும். உன் மூஞ்சி அங்க வேணாம். தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது? நம் கறுப்பு மூஞ்சியோடு நான் நம்மூரில், நம் கடலில் பிடித்த மீனை, நம் ஆட்களுக்குக் கொடுக்கக் கூடாதாம். உங்கள் இரண்டு பேருக்கும் அப்போது பள்ளிக்கூடக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

கவுன்ட்டரில் நிறுத்தப்பட்டவன் சூரஜ். டார்ஜிலிங் பக்கத்து மலையிலிருந்து வேலை தேடி வந்து நம் கடையில் தட்டு தூக்கிக்கொண்டிருந்தவன். நேபாளி பேசுகிற தமாங் சாதிப் பையன். அவன் கண்ணையும் கன்னத்தையும் பார்த்து முதலாளிக்கு யோசனை வந்தது. கருநீல அங்கி ஒன்று தைத்துக் கொடுத்து, நெற்றியில் துணி கட்டி, கென் என்று பெயர் வைத்தார்கள். வரும்போதும் போகும்போதும் சொல்ல நாலைந்து ஜப்பான் வார்த்தை. மற்றபடி வாயே திறக்கக் கூடாது. தமிழ் பேசினால் அன்றே வேலை போகும், இந்தி பேசினாலும் போகும், ஆங்கிலம் கூடத் தடுமாறித்தான் பேச வேண்டும். கடையில் அவனுக்கும் எனக்கும் நடுவே பேச்சு கிடையாது. மரக்கட்டையால் சுவரில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் அடுத்ததை அனுப்பு, இரண்டு தட்டு என்றால் பொறு, மூன்று என்றால் முடிந்தது. நான் வெட்டிப் பிடித்துப் பலகையில் வைத்துப் பொந்தில் தள்ளுவேன். அவன் ஒரு கத்தியை எடுத்து ஓரத்தில் சும்மா ஒரு கீற்றுப் போட்டுவிட்டு, பெரிய ஞானி மாதிரி எடுத்து வைப்பான். ஆகாதது உண்டா என்ற கேள்வியை முதலாளி எடுத்துவிட்டார். மாஸ்டரை நம்பி வாயைத் திறப்பதுதான் ஜப்பான் முறை, கேள்வி கேட்டால் அந்த மயக்கம் கலைந்துவிடும் என்றார்.

சூரஜ் நம் வீட்டுக்குப் பின்னால் வாடகை அறையில் இருந்தான். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிரபுவுக்குப் பட்டம் ஒட்டிக் கொடுத்ததே அவன்தான். அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்புக்காக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். இரண்டு வருடத்தில் அவன் தமிழ் நம்மைப் போலவே ஆகிவிட்டது. காய்காரம்மாவிடம் அவன் பேரம் பேசுவதைக் கேட்டால் முதலியார்பேட்டையிலேயே பிறந்தவன் என்பார்கள். அந்த வாயைத்தான் கடையில் பூட்டி வைத்தார்கள். டில்லிப் பத்திரிகை ஒன்றில் எங்கள் கடையைப் பற்றி இரண்டு பக்கம் வந்தது. பேசாத மாஸ்டர் கென்னின் கைகளில் பல தலைமுறைப் பொறுமை தெரிகிறது என்று எழுதியிருந்தார்கள். சூரஜ் அதை எனக்குப் படித்துக் காட்டினான்.

"அண்ணே, எங்க தாத்தா டீ எஸ்டேட்ல எல பறிச்சாரு. அந்தப் பொறும போல" என்று சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. "உன் மீனு, என் மூஞ்சி, அவரு பங்களா. இதுல ஜப்பான் எங்கண்ணே கீது" என்று கேட்டான்.

நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முசியே (பிரெஞ்சில் ஐயா) அந்துவான் என்று நம்மூர்ப் பெரியவர் ஒருவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், தன் மகளோடு வந்தார். மகள் பிரான்சிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். அவர் பிறந்தநாளுக்காக அவள் கூட்டி வந்தது. முதலாளியும் அன்று கவுன்ட்டரின் ஓரத்தில் விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததை நான் அன்றே ஆட்டோவில் சூரஜிடமும், பிறகு அந்த மகளிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பெரியவர் உட்கார்ந்ததும் சூரஜைப் பார்த்துத் தமிழிலேயே, "தம்பி, எனக்கு இறா ஆவாது. வாயெல்லாம் வீங்கிப் பூடும்" என்றாராம். மகள் சிரித்துக்கொண்டு, அவர் ஜப்பான்காரர், தமிழ் எப்படிப் புரியும் என்று சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் தானும் ஒரு தடவை சொன்னாள். சூரஜுக்குத் தமிழில் சொன்னபோதே புரிந்துவிட்டது. முதலாளி நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவன் குனிந்து, "ஹாய்" என்றான். சரி என்பதற்கு ஜப்பானில் அதுதான் வார்த்தை.

சரி என்று சொல்லிவிட்டு அவன் என்ன செய்வான்? என்னிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? இறால் ஆகாது என்பதற்கு எங்களிடம் தட்டு கிடையாது. உள்ளே வந்து சொல்லலாம் என்று ஓரடி நகர்ந்தான். மாஸ்டர் கவுன்ட்டரை விட்டுப் போகக் கூடாது என்பது கட்டளை. முதலாளி தொண்டையைச் செருமினார். அவன் நின்றுவிட்டான். சரி, இறால் துண்டு வந்தால் நாமே வைக்காமல் விட்டுவிடுவோம் என்று முடிவு செய்தான். அவன் நிலையில் அதைவிட நல்ல முடிவு எனக்கும் தோன்றியிருக்காது.

ஆளுக்கு ஒன்றாக இறால் துண்டு இரண்டு அனுப்பினேன். பலகை திரும்பி வந்தபோது ஒன்று அப்படியே இருந்தது. எனக்கு ஒரு மாதிரி ஆனது. அவன் பொந்தில் பலகையை ஒரு தரம் அழுத்திக் கொடுத்தான், அதுவும் தெரிந்தது. நான் உள்ளிருந்து தட்டினேன். என்னடா என்று கேட்கிற தட்டு. பதிலுக்கு முதலாளியின் செருமல் சத்தம் வந்தது. பிறகு ஒரு தட்டு வந்தது, அடுத்ததை அனுப்பு.

அடுத்தது முட்டை. கடைசியாக வைப்பது அதுதான். அந்த முட்டையை நான் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. நாம் போடுகிற ஆம்லெட் மாதிரி நினைக்காதீர்கள். உள்ளே வரிவரியாகக் கீறல் போட்ட ஒரு மண் சட்டி, அதில் மரக் குழவியால் இறால் சதையை அரைக்க வேண்டும். நார் ஒன்று கூட இருக்கக் கூடாது. அதோடு வெள்ளை மீன் சதை, பெருவள்ளிக் கிழங்கைத் துருவிய கொழகொழப்பு, சர்க்கரை. முட்டையை ஒவ்வொன்றாக விட்டுக் கலக்க வேண்டும். சதுரமான செம்புத் தட்டில் ஊற்றி, அடியில் தணல் மாதிரி மெல்லிய தீ. ஒரு மணி நேரத்துக்கு மேல் அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். வெந்து முடிந்தால் பேக்கரி கேக் மாதிரி மஞ்சளாக, மெத்தென்று இருக்கும். வாயில் போட்டாலும் இறால் என்று தெரியாது, இனிப்பாக இருக்கும். தனிகுச்சி தன் ஊரில் கற்றது, எனக்குக் கற்றுக் கொடுத்தது.

அதில் இறால் இருப்பது செய்கிற எனக்குத் தெரியும். சூரஜுக்குத் தெரியாது. அவனைக் கிச்சனுக்குள் அடுப்புப் பக்கம் விட்டதே இல்லை, அங்கியில் எண்ணெய் வாடை ஏறிவிடுமாம். அவன் கண்ணுக்கு அது கேக். பெரியவருக்கு மனதார எடுத்து வைத்தான். பிறந்தநாள் என்று காதில் விழுந்திருந்ததால் இரண்டு துண்டாக வைத்தான்.

நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. ஒரு பெண் பிரெஞ்சில் கத்துகிற சத்தம். அடுத்து, அந்தக் கடையில் அதுவரை யாரும் கேட்டிராத குரல்.

"அண்ணே, முட்டையில இன்னா போட்ட? இறா போட்டியா?"

ஜப்பான் மாஸ்டர் கென் நம் தெருப் பாஷையில் அலறினான். நான் சுவரைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடி வந்தேன். "ஆமாண்டா" என்றேன். பெரியவர் தரையில் கிடந்தார், உதடும் கண்ணும் வீங்கி, மூச்சு விசில் மாதிரி வந்தது. முதலாளி தன் விருந்தாளிகளை வெளியே அனுப்புவதில் இருந்தார். சூரஜும் நானும் பெரியவரைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினோம். அவன் அந்த அங்கியோடேயே ஆட்டோவை மறித்தான். பெரியாஸ்பத்திரி பக்கத்தில் இருந்ததால் பிழைத்தார். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார், நான் சொன்னேன், ஊசி போட்டார்கள். மூச்சு சீராகிறது என்று சொன்னபோது நான்தான் அங்கே நின்றேன். சூரஜை அதற்கு முன்பே முதலாளி ஆள் அனுப்பிக் கடைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நான் வந்து பார்த்தபோது சூரஜ் அறை பூட்டியிருந்தது. மறுநாளும் பூட்டியிருந்தது. அம்மா எடுத்து வைத்த குழம்பு கெட்டுப் போனது. நீங்கள் இருவரும் அவன் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

திங்கட்கிழமை கடை விடுமுறை. முதலாளி என்னை மட்டும் வரச் சொன்னார். கவுன்ட்டரில் எனக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அந்தப் பையன் தப்பை ஒத்துக்கொண்டு போய்விட்டான் என்றார். பெரியவரின் மகள் புகார் கொடுக்கப் போவதாகச் சொல்கிறாள், நாளை மறுநாள் அப்பாவோடு இங்கே வருகிறாள், அவர்கள் எதிரில் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். இறால் ஆகாது என்று வந்தவர் சொன்னால் உள்ளே சொல்லி அனுப்புவதுதான் எங்கள் வழக்கம், பையன் சொல்ல மறந்துவிட்டான். அவ்வளவுதான் வார்த்தை.

"அவன்தான் போயிட்டான், அவனுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்றார். பிறகு மூங்கில் சுவரைத் தட்டிக் காட்டினார். "இத எடுத்துடறேன். வெள்ளிக்கிழமையிலேருந்து நீயே இங்க நில்லு. உன் பேர்லயே நில்லு. குச்சி சார் சொன்னது உனக்குத்தான."

பிள்ளைகளே, நான் அன்று கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். பொய் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், எனக்கு ஆசை வந்தது. அந்த மரப் பலகைக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று நான் ஏங்காத நாள் இல்லை. அது எனக்குச் சேர வேண்டிய இடம். என்னிடமிருந்து பிடுங்கிய இடத்தை எனக்கே விலை வைத்துக் காட்டுகிறார், விலையாகக் கேட்பது சூரஜின் பெயரை. அதை நினைக்க நினைக்க ஆசை போய்க் கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் என்னைக் காப்பாற்றியது.

புதன்கிழமை வெள்ளைக் கோட்டுப் போட்டுக் கவுன்ட்டரில் நின்றேன். பெரியவர் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். உதட்டில் இன்னும் வீக்கம் இருந்தது. முதலாளி என்னை அறிமுகம் செய்து, ஏழுமலை நடந்ததைச் சொல்வான் என்றார். நான் சொன்னேன். முட்டையில் இறால் அரைத்துப் போட்டது நான். நீங்கள் சொன்னது அந்தப் பையனுக்குப் புரிந்தது. அதனால்தான் இறால் துண்டை அவன் உங்களுக்கு வைக்கவில்லை. முட்டையில் இருப்பது அவனுக்குத் தெரியாது, அவனை உள்ளே விடுவதில்லை. எனக்கு நீங்கள் சொன்னது தெரியாது, என்னை வெளியே விடுவதில்லை. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் உங்களுக்கு எதுவும் ஆகியிருக்காது. பேசினால் வேலை போகும்.

முதலாளி குறுக்கே வந்தார். "ஏழுமலை, அவன் உள்ள சொல்லியிருக்கணுமா இல்லயா? அத மட்டும் சொல்லு."

"யாருகிட்ட சொல்லணும் மொதலாளி? செவுத்துக்கிட்டயா?" என்றேன்.

பெரியவர் சுவரைப் பார்த்தார், பொந்தைப் பார்த்தார், என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார்.

"நான் பிரெஞ்சுக்காரனுங்க பட்டாளத்துல இருந்தவன். போட்டோ புடிக்கறப்போ எங்க மூஞ்சிய எந்த வரிசையில வெக்கணும்னு அவனுங்களும் பாத்தானுங்க. அவனுங்க வெள்ளக்காரனுங்க. முசியே, நீ நம்மூர்க்காரன். உனக்கு இன்னா வந்துச்சி?"

முதலாளி காபி கொண்டு வரச் சொன்னார். யாரும் குடிக்கவில்லை. பெரியவர் எழுந்து போகும்போது அந்தத் தம்பி எங்கே, அவனைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். கவுன்ட்டரில் நான் என் முகத்தோடு நின்றது அவ்வளவு நேரம்தான். அன்று மத்தியானமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். பிறகு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கம்பெனி கேன்டீன், உங்களுக்குத் தெரிந்த மீதிக் காலம். போலீசுக்கு யாரும் போகவில்லை, மகள் லீவு முடிந்து போய்விட்டாள். ஆனால் சூரஜ் எதையோ கலந்து கொடுத்துவிட்டு ஓடிப்போனான் என்ற பேச்சு ஒரே வாரத்தில் மார்க்கெட் வரைக்கும் வந்துவிட்டது. கடை நன்றாக ஓடியது. மணிப்பூர்ப் பையன் ஒருவனை அங்கி மாட்டி நிறுத்தியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த முட்டையை மட்டும் எடுத்துவிட்டார்களாம். சுவரை எடுக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இத்தனை வருடத்தில் நான் ஆறியிருப்பேன்.

அடுத்த வருடம் மழை விட்ட சமயத்தில், நம் வீட்டுப் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். சூரஜ்தான் பேசினான். குரல் மெலிந்திருந்தது. எங்கேடா போனாய், ஏண்டா சொல்லவில்லை என்று நான் கத்த ஆரம்பித்தேன். அவன் எதற்கும் பதில் சொல்லாமல், "அண்ணே, அந்தத் தாத்தா பேரு இன்னா?" என்று கேட்டான்.

எதற்கு என்று கேட்டேன். ஊரில் கோம்பாவில், அதாவது அவர்கள் கோயிலில், செத்தவர்களுக்கு நெய் விளக்கு ஏற்றுவார்களாம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவன் ஏற்றிக்கொண்டிருக்கிறானாம். பேர் தெரியாததால் தாத்தா என்று மட்டும் சொல்லி ஏற்றுகிறான், லாமா பேர் கேட்கிறார்.

"செத்துட்டாருன்னு யாருடா சொன்னது?" என்றேன்.

"மொதலாளி. ஆஸ்பத்திரிலயே உயிர் பூடுச்சாம். போலீஸ் வருது, ரயிலப் புடின்னு டிக்கெட்டு குடுத்தாரு."

"அவரு உயிரோடதான்டா கீறாரு. நேத்து கூட மார்க்கெட்ல பாத்தேன். உன்னத்தான் கேட்டாரு."

போன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு மூச்சு கேட்டது. அவன் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"அண்ணே, பேரச் சொல்லு" என்றான். "உயிரோட இருக்கறவங்களுக்கும் ஏத்தலாம்."

அந்துவான் என்று சொன்னேன். அவன் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.